கடைசித் தறிகளின் மேல் விழுந்த பழி

எங்கள் அலுவலகத்தில் அவரை ஆர்க்கிடெக்ட் என்பார்கள்; கட்டடத்துக்கு இல்லை, மென்பொருளுக்கு. பெங்களூரில் சில வருடம், அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கோயம்புத்தூருக்குத் திரும்பி வந்தவர். ஊர் அவரிடம் எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி அவருக்குத் தனி அறையும், சுவர் முழுக்க எழுதி அழிக்கிற வெள்ளைப் பலகையும் கொடுத்தது. அந்தப் பலகையில் அவர் போட்டுவைத்த வட்டங்களையும் அம்புகளையும் அழிக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. என்னவென்று கேட்கவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நாங்கள் எழுதியதன் முன்னால் நின்று வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதுதான் அவருடைய வேலை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நாங்கள் எழுதியது விசைத்தறிக் கூடங்களுக்கான ஒரு மென்பொருள். சோமனூர்ப் பக்கத்துத் தறி ஷெட்டுகளில் ஒவ்வொரு தறியிலும் ஒரு சின்ன சென்சாரை மாட்டுவோம். தறி நின்றால் அது தகவல் அனுப்பும். எந்தத் தறி எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று, ஜாவா என்ற கணினி மொழியில் நாங்கள் எழுதிய நிரல் கூட்டிக்கொண்டே வரும். அது ஷெட்டில் மாட்டியிருக்கும் டிவியில் தெரியும். முதலாளியின் செல்போனிலும் தெரியும். தறி ஓட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள். கேட்டால் 'டிரான்ஸ்பரன்சி' என்று பதில் வரும். கண்ணாடிக்கு ஒரு பக்கம்தான் டிரான்ஸ்பரன்சி என்று அந்த ஷெட்டுக்குப் போன முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

சென்சார் ஒன்று பழுதாகி, அதை மாற்ற வந்த டெக்னீசியனோடு நானும் போயிருந்தேன். பின்சுவரை ஒட்டியிருந்த கடைசித் தறிகளை ஒரு அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். தலையில் துண்டு, அதன் மேல் பஞ்சு. டிவியில் அவருடைய தறிகள் எல்லாம் சிவப்பாகத் தெரிந்தன. அன்று மட்டும் இல்லை, கொஞ்ச நாளாகவே சும்மா நின்ற நேரம் கடைசித் தறிகளுக்குத்தான் அதிகமாகக் காட்டிக்கொண்டிருந்தது. முதலாளி அவரை ஷெட்டுக்கு வெளியே கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ஆளை வேலையைவிட்டு நிறுத்துவதும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் நடக்கும்.

"அம்மணி, நாளையிலிருந்து நீங்க வர வேண்டாங்க. தறிய நிறுத்திப்போட்டு போன் பாக்கறதுக்கு ஊட்டுலயே இருந்துக்கலாமுங்க" என்றார்.

அந்த அக்கா குரலை உயர்த்தவில்லை. "நான் தறிய உட்டு நகரவே இல்லீங்க. பக்கத்துத் தறிக்காரரைக் கேட்டுப் பாருங்க" என்றார்.

முதலாளி பக்கத்துத் தறிக்காரரைக் கேட்கவில்லை. டிவியைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். அந்த அக்கா துண்டை அவிழ்த்து உதறினார், டிபன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னை ஒரு முறை பார்த்தார். என் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பி, எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். கொடுமுடிப் பக்கம் என்றேன். கொடுமுடியில் யாருடைய வீடு என்று கேட்டார். ஊர் பெயரைத் தெரிந்துகொள்ள யாரும் இதைக் கேட்பதில்லை. என் அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் கூலிக்குப் போனவர்கள். அப்பா படித்து, டவுனுக்கு வந்து, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். "நீங்க நினைக்கிற ஊடு இல்லீங்ணா" என்றேன். அவர் மேலும் எதுவும் கேட்கவில்லை. கூட வந்த டெக்னீசியனுக்கு டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை; "எடுத்துக்கோங்க" என்றுதான் நீட்டினார்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. அந்தத் தறிகளுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஆளை மாற்றியும் டிவியில் கடைசித் தறிகள்தான் சிவப்பாக இருந்தன. சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் டிவியின் மேல் சந்தேகம் வரும். இவர் முதலில் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து பின்சுவரைக் காட்டியிருக்கிறார். வாஸ்துக்காரர், அது கன்னி மூலை, அங்கே பாரம் இருக்கலாம், ஓட்டம் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். சுவரை இடித்து மாற்றி வைப்பதற்கு முன்னால் எதற்கும் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் செய்திருந்தார்.

ஆர்க்கிடெக்ட் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். அவர் அந்த வருடம் ஆஸ்பெக்ட் என்ற ஒரு முறையில் பைத்தியமாக இருந்தார். அது ஒன்றும் கெட்ட முறை இல்லை. ஓடுகிற நிரலின் ஒரு வரியைக்கூடத் தொடாமல், வெளியே தனியாக ஒரு விதியை எழுதி, 'உள்ளே இன்ன மாதிரி காரியம் நடக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிடு' என்று சொல்லி வைக்கலாம். யார் எந்தத் தகவலை மாற்றுகிறார்கள் என்று வேவு பார்க்க வசதியானது. அதை ஒரு கருவி என்று நினைத்தால் பிரச்சினை இல்லை. அவர் அதைத் தெய்வ அருள் என்று நினைத்தார்.

தறிகளின் நிமிடக் கணக்கு எங்கள் நிரலுக்குள் ஒரு அரேயில் இருந்தது. அரே என்றால் வரிசையாக அடுக்கிய பெட்டிகள். முதல் பெட்டியில் முதல் தறியின் நிமிடங்கள், கடைசிப் பெட்டியில் கடைசித் தறியின் நிமிடங்கள். அந்தப் பெட்டிகளை யாராவது தப்பாக மாற்றுகிறார்களா என்று பார்க்க அவரே ஒரு ஆஸ்பெக்ட் எழுதினார். அவர் கையால் நிரல் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இரண்டு நாள் ஓடவிட்டு, எங்கள் எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு, முடிவைத் திரையில் போட்டுக் காட்டினார். காலை ஷிஃப்ட் தொடங்கும்போது வரிசை புதிதாக உருவாகிறது, அதற்குப் பிறகு நாள் முழுக்க யாரும் அதை மாற்றவில்லை, ஆகவே நிரல் சுத்தம், தறி ஓட்டுகிறவர்கள்தான் காரணம் என்றார். சிலர் தலையாட்டினார்கள். மேனேஜர் இதை அப்படியே முதலாளிக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. நிமிடங்கள் டிவியில் ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தறி நின்றால் அதன் பெட்டியில் எண் கூடுகிறது. கூட்டுவதும் மாற்றுவதுதானே. காலையிலிருந்து யாரும் மாற்றவில்லை என்றால் எல்லாம் பூஜ்யமாக அல்லவா இருக்க வேண்டும்? இதைக் கேட்டேன்.

"அது வேற" என்றார்.

"எது வேற?"

"நீங்க பிசினஸ் லாஜிக்கைச் சொல்றீங்க. நான் கிராஸ்-கட்டிங் கன்சர்னைச் சொல்றேன்."

அறையில் இருந்தவர்கள் மறுபடியும் தலையாட்டினார்கள். எங்கள் தொழிலில் புரியாத வார்த்தைக்குத் தலையாட்டுவதைப் படிப்பு என்று வைத்திருக்கிறோம். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் இன்ஜினியரிங் முடித்தவர்கள். எண் ஏறுகிறது, யாரும் ஏற்றவில்லை. இதைக் கேட்டுவிட்டு அமைதியாக பிஸ்கட் சாப்பிட்டார்கள்.

நான் என் இடத்துக்கு வந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். மூன்றே பெட்டி உள்ள ஒரு வரிசை. நடுப் பெட்டியில் வேண்டுமென்றே ஒரு எண்ணைப் போட்டேன். அவருடைய ஆஸ்பெக்டை அதன் மேல் ஓடவிட்டேன். அது வாயே திறக்கவில்லை. இன்னொரு எண்ணைப் போட்டேன். அப்போதும் இல்லை. வரிசையையே தூக்கிவிட்டு வேறு வரிசையை வைத்தபோதுதான், 'மாற்றம் நடந்தது' என்று ஒரு வரி எழுதியது.

விஷயம் அவ்வளவுதான். ஜாவாவில் ஒரு வரிசைக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குள் இருப்பது பெட்டிகள் இல்லை. பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்கிற விலாசம் மட்டும்தான். விலாசம் மாறினால் ஆஸ்பெக்டுக்குத் தெரியும். விலாசத்தை யாராவது கேட்டு வாங்கினாலும் தெரியும். அந்த விலாசத்துக்குப் போய் ஒரு பெட்டிக்குள் கைவிட்டால் அதற்குத் தெரியாது. அப்படித் தெரிந்துகொள்ள அந்தக் கருவியில் வழியே இல்லை. அபார்ட்மெண்ட் வாசலில் இருக்கிற தபால் பெட்டி வரிசைக்கு ஒரு வாட்ச்மேனைப் போட்டு, அவர் யாராவது மொத்த வரிசையையும் பெயர்த்துக்கொண்டு போகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படியோ அப்படி. கடிதங்கள் போனால் அவர் பொறுப்பில்லை. அந்த வாட்ச்மேனின் சாட்சியை வைத்துத்தான் ஒரு பெண்ணின் மேல் விழுந்த பழியை உறுதி செய்யப் பார்த்தோம்.

மறுநாள் ஆர்க்கிடெக்ட் அறைக்குப் போய் இதைக் காட்டினேன். பார்த்தார். பிறகு, இது தனக்கு முன்பே தெரியும், இது கருவியின் லிமிடேஷன் என்றார். தெரியுமென்றால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை என்றார். நான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் வேறு ஒரு மீட்டிங்குக்கு எழுந்துவிட்டார். பெட்டிக்குள் கை போவதைப் பார்க்க முடியாவிட்டாலும், வரிசையின் விலாசம் யார் கைக்கெல்லாம் போகிறது என்று பின்தொடரலாமே என்று நடந்துகொண்டே சொன்னேன். இந்த மாத வேலையில் அது இல்லை, அடுத்த மாதம் பேசலாம் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

அடுத்த மாதம் வரை அந்த அக்கா என்ன செய்வார் என்று அவருக்கு ஒரு யோசனையும் வந்த மாதிரி இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த அக்கா என்று ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. அவருடைய பலகையில் அந்த அக்காவுக்கு வட்டம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்தேன். அம்மா சமையலறையிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகூட அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்று கேட்டார். இது எனக்காக இல்லை என்றேன். பின்னே யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். அம்மா சாப்பாட்டைத் தட்டில் போட்டு மேசைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நான் எழுதிய விதி எளிமையானது. எங்கள் நிரலுக்குள் எந்த வேலைக்கு அழைப்புப் போனாலும், கூடவே ஒரு வரிசை கைமாறுகிறதா என்று பார். கைமாறினால், அது தறிக் கணக்கின் அதே வரிசையா என்று பார். அதே மாதிரி எண்கள் உள்ள இன்னொரு வரிசை இல்லை. அதே விலாசம், அதே வரிசை. ஆம் என்றால் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகிறது என்று எழுதிவை. ஆர்க்கிடெக்ட் தூக்கிக் கொண்டாடிய அதே ஆஸ்பெக்ட்தான். பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை அதை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரிசை டிவித் திரைக்குப் போனது, திரும்பியது. சேமிப்புக்குப் போனது, திரும்பியது. யாரும் எதையும் கலைக்கவில்லை. ஷெட் டிவியில் தெரிவது ஆபீசில் என் திரையிலும் தெரியும்; அதில் நடு வரிசைத் தறி ஒன்றுதான் கொஞ்சம் அதிகமாக நின்றிருந்தது. கடைசித் தறிகள் பச்சையாக இருந்தன. பத்து மணி வாக்கில் முதலாளிக்கு போன் செய்து, செல்போனில் ரிப்போர்ட்டை ஒரு முறை திறந்து பார்க்கச் சொன்னேன்.

"எந்திரிச்சதிலிருந்து அதைத்தான் பொழுதுக்கும் பாப்பேனுங்க. இன்னைக்குக் கல்யாணத்துக்கு வந்துபோட்டேன், அதான் பாக்கலீங்க" என்றார்.

"இப்பப் பாருங்க."

திறந்தார். என் திரையில் ஒரு வரி விழுந்தது. எங்கள் வரிசை, அப்படியே, நகல்கூட எடுக்காமல், எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிற, ஜாவாவோடேயே வருகிற ஒரு வேலைக்குக் கைமாறியிருந்தது. அடுத்த நொடி ஷெட்டின் டிவிக் காட்சியில் நிமிடங்கள் எல்லாம் இடம் மாறின. பெரிய எண் ஒவ்வொன்றும் வரிசையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தது. கடைசித் தறிகள் சிவப்பாயின.

அதிகமாக நின்ற தறிகளை முதலாளியின் போனில் மேலே காட்ட வேண்டும் என்று, எண்களை அடுக்கிக் கடைசியிலிருந்து எடுத்துக் காட்டுகிற மாதிரி யாரோ அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் எப்போதோ வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். தனக்கென்று ஒரு நகல் எடுத்து அடுக்கியிருந்தால் யாருக்கும் கேடில்லை. அசலையே அடுக்கிவிட்டார். எந்தத் தறி நின்றாலும், முதலாளி போனைத் திறந்ததும் அந்த நிமிடங்கள் கடைசித் தறிகளின் தலையில் போய் விழுந்தன. அவர் எத்தனை முறை வேவு பார்த்தாரோ அத்தனை முறை பின்சுவர் ஓரத்தில் இருந்தவர் சோம்பேறி ஆனார். கன்னி மூலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

போனில் அவரிடம் இதைச் சொன்னேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "அப்ப நான் பாத்ததுனாலதான் தப்பாச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி உடுங்க, ஆச்சு. சரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார். அந்த அக்காவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானே கேட்டேன். வேண்டுமானால் வரச் சொல்லிவிடலாம் என்றார், குடையை மறந்துவிட்டுப் போனவரைக் கூப்பிடுவது மாதிரி.

திருத்தம் ஒரே வரி. வரிசையைக் கேட்கிறவருக்கு அசலைத் தராமல் நகலைக் கொடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது. ஆர்க்கிடெக்ட் அதைப் படித்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஒப்புதல் கொடுத்தார். சில மாதம் கழித்துப் பெங்களூரில் ஒரு மாநாட்டில் அவர் பேசிய வீடியோவை யாரோ ஆபீஸ் குழுவில் போட்டிருந்தார்கள். அரேயின் உள்ளே நடப்பதை ஆஸ்பெக்டால் பார்க்க முடியாது, விலாசத்தைப் பின்தொடர்ந்துதான் பிடிக்க வேண்டும் என்பதை, தான் களத்தில் கண்டறிந்ததாக அழகாக விளக்கினார். தபால் பெட்டி உதாரணத்தைக்கூட விடவில்லை. நான்தான் அவரிடம் சொன்னது. கைதட்டல் பலமாக இருந்தது. களம் என்று அவர் சொன்னது எதை என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அவர் சோமனூருக்குப் போனதே இல்லை. போகிற வழியில் விமான நிலையத்திலேயே நின்றுவிடுவார்.

அந்த அக்காவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஷெட்டில் வேலை செய்த ஒருவர் வழி சொன்னார். ஒரு சாயங்காலம் போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொன்னார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், விலாசம், பெட்டி எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார்.

"இதையெல்லாம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் நகரலைங்கறது எனக்குத் தெரியாதா? அங்க எல்லாத்து முன்னாடியும்தான் என்னைய வெளியே கூப்புட்டாங்க. அங்க போய்ச் சொல்லுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு சமாதானத்தை நான் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அது எனக்கான சமாதானம் என்பதை அவர் பார்த்த உடனே கண்டுகொண்டார்.

முதலாளியிடம், ஷெட்டில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதற்கென்ன, சொல்லலாமே, ஆனால் தறிகளை நிறுத்த முடியாதே, இந்தச் சத்தத்தில் யார் காதில் விழும் என்று அன்பாக வருத்தப்பட்டார். உண்மைதான். அத்தனை தறியும் ஓடும்போது அங்கே காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். மாதாந்திர மின் தடை என்றைக்கு என்று கேட்டேன். அவர் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. மின் வாரியம் அறிவிக்கிற நாள் அவரிடம் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

அந்த நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்காவுக்கும் தகவல் சொல்லியிருந்தேன். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கரண்ட் இல்லாத ஷெட் விநோதமாக இருந்தது. தறிக்காரர்கள் வாசல் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கொஞ்ச நேரத்தில் வந்து கதவோரம் நின்றார். வேலைக்குப் போகிற சேலையில்தான் இருந்தார்.

முதலாளி ஒரு நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றுகொண்டு சொன்னேன். டிவியில் வந்தது தப்பு, எங்கள் நிரல் செய்த தப்பு, இவர் தறியை நிறுத்தவில்லை, மற்ற தறிகள் நின்ற நேரத்தை எங்கள் நிரல் இவர் தறிகளின் மேல் போட்டுவிட்டது என்றேன். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. பக்கத்துத் தறியை ஓட்டியவர், "அன்னைக்கே நம்மளக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமுங்க" என்று முதலாளியைப் பார்க்காமல் சொன்னார்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, போனது போகட்டும், அம்மணி நாளைக்கே வந்துவிடலாம், பழைய தறியே தருகிறேன் என்றார். ஒரு தப்பு நடந்துவிட்டது என்று சொல்லவே அவருக்கு நாக்கு வரவில்லை. அதற்குப் பதிலாகத் தறியைக் கொடுத்தார்.

அக்கா, "அந்த டிவியக் கழட்டிருவீங்களா?" என்று கேட்டார்.

அது எப்படி முடியும், அதற்குத்தான் இவ்வளவு செலவு செய்திருக்கிறது, இப்போதுதான் சரியாகிவிட்டதே என்றார் முதலாளி. என்னைச் சாட்சிக்குப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நிரல் சரியாகிவிட்டது உண்மை. அதை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார் என்பதற்கு நான் ஜாமீன் நிற்க முடியாது.

"அப்ப இருக்கட்டுங்க" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "சொன்னதுக்குச் சந்தோசமுங்க. நான் வாரேனுங்க, ரெண்டாவது ஷிஃப்டுக்குப் போகோணும்" என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார்.